மெஷின் அழக்கூடாது

அந்தத் தெருவில் வெள்ளைத் துணி காயப்போடுகிறவர்கள் யாரும் இல்லை. போட்டால் காய்வதற்குள் கறுத்துவிடும். தெருக்கோடியில் ஊர்க் குப்பையை எல்லாம் கொட்டி எரிக்கும் உலை ஒன்று இருந்தது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம், இயற்கையைக் காக்கிறோம் என்று அதன் மதிலில் பச்சைப் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். புகை பட்டு எழுத்து கறுக்கும். கறுக்கக் கறுக்க ஆள் வைத்துப் பச்சை அடிப்பார்கள். அங்கே வேறு எந்த வேலை நின்றாலும் அது மட்டும் நிற்காது.

உலைக்குச் சற்றுத் தள்ளிப் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தவரைத் தெருவில் எல்லோரும் சாவிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கீழே கடை, மேலே வீடு. வம்புதும்புக்குப் போகாத மனுஷர். பூட்டு திறக்காவிட்டால் பூட்டைத் திட்டுவாரே தவிர, கொண்டுவந்த ஆளைத் திட்டமாட்டார். அவருக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் போகிற வயது, ஆனால் பாதி நாள் போவதில்லை. இழுப்பு. புகை கீழே இறங்குகிற நாளில் அந்தப் பெண்ணின் நெஞ்சு விசிலடிக்கும், கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வரும். அம்மாக்காரி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள். சாவிக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு டாக்டரிடம் ஓடுவார்.

"மருந்து நான் தர்றேன். காத்துக்கு நான் எங்க போறது?" என்றார் டாக்டர். "இப்படியே போனா ஒருநாள் மருந்தும் கேக்காது. சொல்லிட்டேன். அந்தப் புகையை நிறுத்தச் சொல்லுங்க."

"யார்கிட்ட டாக்டர் சொல்றது?"

"அதுக்குன்னே ஒரு வாரியம் இருக்கே!"

இருந்தது. தூய காற்றுப் பாதுகாப்பு வாரியம். கட்டடத்தைப் பார்த்ததுமே சாவிக்காரருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காற்றை அப்படிப் பாதுகாத்தார்கள். ஒரு பொட்டு வெளியே போகாதபடி ஜன்னலையெல்லாம் கண்ணாடி வைத்து அடைத்து, இடுக்குக்கு இடுக்கு ரப்பர் ஒட்டியிருந்தார்கள். வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவு. உள்ளே மூலைக்கு மூலை காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மேசைகளில் பிளாஸ்டிக் செடிகள் பச்சைப்பசேலென்று நின்றன. நிஜச் செடி வைத்தால் மண், தூசி, பூச்சி என்று இயற்கை உள்ளே வந்துவிடுமாம். அந்தச் செடிகளுக்குப் பின்னால் எழுத்தர் இருந்தார்.

"என்ன புகார்?"

"புகைங்க சார். எங்க தெருவுல மூச்சு விட முடியல."

"யார் சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீங்க மெஷினா?"

சாவிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "இல்லீங்க. பூட்டு ரிப்பேர்."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க? உங்க மூக்கை எந்த லேப்ல டெஸ்ட் பண்ணாங்க?"

"கண்ணுக்கே தெரியுது சார், கறுப்பா."

"கண்ணுக்குத் தெரியறதை எவன் வேணா பாத்துட்டுப் போயிடுவான். அதுக்கு ஒரு வாரியம் எதுக்கு? கண்ணுக்குத் தெரியாததைத்தான் நாங்க அளக்கிறோம்." எழுத்தர் சுவரில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "உங்க தெருவுல எங்க மெஷினே இல்ல. மெஷின் இல்லாத இடத்துல காத்து எப்படி இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாத காத்தைக் கெட்ட காத்துன்னு சொல்றது அபாண்டம் இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"அப்ப ஒரு மெஷின் வைங்க சார்."

அதைச் சொல்லிவிட்டு அவர் நடையாய் நடந்தார். செருப்புத் தேய்ந்தது. வாரியத்தின் கோடவுனில் ஒரு மெஷின் சும்மா கிடந்ததாலும், இயக்குநர் எதையாவது திறந்துவைத்து வெகுகாலம் ஆகிவிட்டதாலும், ஒருவழியாக அவருடைய கடைக்கு எதிரிலேயே மெஷின் வந்து இறங்கியது. அதன் தலையில் பெரிய திரை. திரையில் ஒரு வட்ட முகம். காற்று நன்றாக இருந்தால் முகம் சிரிக்கும், கெட்டிருந்தால் அழும். படிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்று வாரியம் செய்த ஏற்பாடு.

"இத்தனை நாளா இந்தத் தெருவுல காத்து இருந்துச்சா இல்லையான்னே யாருக்கும் தெரியாது!" என்று இயக்குநர் மைக்கில் முழங்கினார். "இன்னிக்கு வாரியம் உங்களுக்குக் காத்தைக் கொண்டுவந்து குடுத்திருக்கு!" கைதட்டலுக்கு நடுவே பொத்தானை அழுத்தினார். வட்ட முகம் ஒரு நொடி திருதிருவென்று விழித்தது. பிறகு செக்கச்செவேலென்று சிவந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்ட அழ ஆரம்பித்தது.

தெருவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பாருங்க, மெஷினே அழுது! இனிமே உலையை மூடித்தானே ஆகணும்?" என்று சாவிக்காரர் பெண்டாட்டி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

இயக்குநரின் முகம் இஞ்சி தின்றது போலாகிவிட்டது. "அரசாங்க மெஷின் பொது இடத்துல அழக்கூடாது" என்றார். "அதுக்கு என்னன்னு உடனே பாருங்க."

மறுநாள் காலையிலேயே வேன்கள் வந்து நின்றன. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் மெஷினின் வாயைத் திறந்து பார்த்தார்கள், முதுகில் தட்டிப் பார்த்தார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, அது இழுக்கிற காற்றுதான் விஷம் என்று சொல்லிவிட்டார்கள். இயக்குநருக்கு மனசு இளகிவிட்டது.

"ஐயோ பாவம், நேத்துதான் வந்த மெஷின். அதைப் போய் இந்தப் புகையில நிக்க வெச்சிருக்கீங்களே, ஈவு இரக்கம் வேணாம்?"

சாவிக்காரர் முன்னே வந்தார். "சார், எங்க பாப்பாவும் இதே புகையிலதான் சார்..."

"உங்க பாப்பா உள்ளூர். பழகியிருக்கும். மெஷின் வெளியூர்லேர்ந்து வந்தது" என்றார் இயக்குநர்.

மெஷினுக்கு வைத்தியம் தொடங்கியது. முதலில் தண்ணீர் லாரி வந்து அதைச் சுற்றி மழை போலப் பீய்ச்சியது. முகம் அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சியது. சுற்றிலும் செடித்தொட்டிகளை அடுக்கினார்கள். அந்தப் பக்கம் வண்டி போகக்கூடாது, அடுப்பு பற்றவைக்கக்கூடாது, வாசல் பெருக்கக்கூடாது என்றார்கள். முகம் தேறிவந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. கடைசியில் மெஷினைச் சுற்றி ஒரு கண்ணாடி அறையையே எழுப்பி, வாரிய அலுவலகத்தில் உறுமியதைப் போல ஒரு பெட்டியை உள்ளே வைத்து முடுக்கினார்கள். அவ்வளவுதான். முகம் பச்சையாகிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. அந்தத் தெருவின் காற்று மிகச் சிறப்பானது என்று வாரியம் அறிவித்தது. இத்தனை நல்ல காற்றுள்ள இடத்தில் இன்னும் கொஞ்சம் எரித்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று உலைக்குக் கூடுதல் அனுமதியும் கொடுத்தது.

கண்ணாடி அறைக்குப் பூட்டு போடவேண்டியிருந்தது. எதிரிலேயே சாவிக்காரர் இருக்கும்போது வேறு எங்கே போவார்கள்? உள்ளே உட்கார்ந்து பூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தவர், சட்டென்று கையை நிறுத்தினார். தொண்டையில் கமறல் இல்லை. கண் எரியவில்லை. இழுத்த மூச்சு தங்குதடையில்லாமல் அடிவயிறு வரை இறங்கியது. இப்படியும் ஒரு காற்று இருக்கிறதா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே நின்ற எழுத்தரிடம் கேட்டார். "சார், எங்க பாப்பா தினம் கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காந்துக்கட்டுமா? ஒண்ணையும் தொடமாட்டா சார்."

"அட நீங்க ஒண்ணு! இது அரசாங்கக் காத்து. அளக்கறதுக்கு வெச்சிருக்கு. மூச்சு விடறதுக்கா வெச்சிருக்கு?"

சாவிக்காரர் தன் வாழ்நாளில் யாருடைய பூட்டுக்கும் கள்ளச்சாவி போட்டதில்லை. அன்றைக்குப் போட்டார். கை கூசவே இல்லை.

வாரிய வேன் போனபிறகு, மத்தியான வேளைகளில், தாயும் மகளும் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். முதல் நாள் அந்தப் பெண் அம்மா மடியில் படுத்து அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள். அம்மாக்காரி பயந்துபோய் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நாளிலிருந்து தெருவில் இழுப்பு உள்ள பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. இடித்துப் பிடித்து உட்கார்ந்து, பாடம் படித்து, படம் வரைந்து, மெஷினுக்குக் காவல் போலச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

அத்தனை பேர் விட்ட மூச்சில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்த வட்ட முகம் லேசாக வாயை மூடிக்கொண்டது. சிரிப்பு போகவில்லை, பல் மட்டும்தான் போனது. வாரியத்தில் அபாயமணி அடித்தது. உலை கக்கிய இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத அவசரத்தில் இயக்குநர் பறந்து வந்தார். கண்ணாடிக்குள் பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"கண்டுபிடிச்சுட்டோம்! இந்தத் தெருவுல மாசு எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிச்சுட்டோம்!" கூடவந்தவர்கள் கைதட்டினார்கள். "இந்தப் பிள்ளைங்க மூச்சு விடுதுங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, விடாம விடுதுங்க! அவ்வளவு பெரிய உலை, அதுகூட முறைப்படி அனுமதி வாங்கிட்டுத்தான் புகை விடுது. இதுங்க யாரைக் கேட்டு மூச்சு விடுதுங்க?"

"மூச்சு விடாம எப்படி சார் இருக்கறது?" என்று சாவிக்காரர் பெண்டாட்டி கேட்டாள்.

"அதை நாங்க சொல்லக்கூடாதும்மா. அது சுகாதாரத்துறை" என்றார் இயக்குநர் பொறுமையாக.

சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் உட்கார்ந்த தரையை மருந்து போட்டுத் துடைத்தார்கள். அந்த வாரமே சாவிக்காரர் மகளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஊசி போட்டுப் பிழைக்கவைத்த டாக்டர், "இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் மிகச் சிறந்த காற்றுள்ள தெருவுக்கான விருது அறிவிக்கப்பட்டது. விருதைக் கொடுத்தது வாரியம். காற்றைச் சிறப்பாக்கியதற்காக அதைப் பெற்றுக்கொள்வதும் வாரியம். கண்ணாடி அறைக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். விழா நேரத்தில் மட்டும் புகை வராமல் பார்த்துக்கொள்ளும்படி உலைக்குச் சொல்லியிருந்தார்கள். உலைக்காரரும் பெருந்தன்மையாக, மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்கிறேன், அதற்குமேல் முடியாது, குப்பை குவிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

வாரியத்தைத் தெரிந்தவர்கள் அப்படி ஒரு கெடு வைத்திருக்கமாட்டார்கள். அங்கே ஒருவர் பேசினால் மேடையில் இருப்பவர்களை எல்லாம் பெயர் சொல்லிப் பாராட்டவேண்டும். பாராட்டப்பட்டவர் எழுந்து பாராட்டியவரைப் பாராட்டவேண்டும். ஒருவரை விட்டுவிட்டாலும் பதவி உயர்வு போச்சு. இயக்குநர் மைக்கைப் பிடித்தபோதே உச்சிவெயில் சாய்ந்துவிட்டது.

"ஒரு காலத்துல இந்தத் தெருவுல நிக்க முடியுமா?" என்றார் இயக்குநர். "இன்னிக்கு நான் நிக்கிறேன்! எல்லாரும் இந்தக் காத்தை நெஞ்சு நிறைய இழுங்க பாக்கலாம்! இழுங்க!"

உலை திறந்துகொண்டது. காலையிலிருந்து அடக்கிவைத்த குப்பை அத்தனையும் ஒரே மூச்சில் பற்றி, தார்போலக் கறுத்த புகை சுருண்டு இறங்கித் தெருவை மூடியது. இயக்குநர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, மைக்கோடு மேடையிலிருந்து குதித்து, கண்ணாடி அறைக்குள் பாய்ந்தார். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

சாவிக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் உதடு மறுபடி நீலமாகிக்கொண்டிருந்தது. "சார்! பாப்பாவை மட்டும் உள்ள விடுங்க சார்! நான் வரல!"

இயக்குநர் கதவில் முதுகைக் கொடுத்து முட்டிக்கொண்டு நின்றார். கையிலிருந்த மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்ததால், அவர் சொன்னது தெரு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. "இடமில்ல, இடமில்ல! மெஷின் கெட்டுடும்! வெளியிலயே இருங்க, வெளிக் காத்து ரொம்ப நல்ல காத்து!"

சாவிக்காரருக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. மகளை அம்மாக்காரி கையில் கொடுத்தார். அவர்கள் இருவரையும் பக்கத்துக் கடைக்காரன் பைக்கில் ஏற்றி, வண்டியை ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். சாவிக்காரர் பூட்டின் பக்கமே போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கீல்களைக் கழற்றினார். கதவை அப்படியே தூக்கி ஓரமாகச் சாய்த்துவைத்தார். இயக்குநர் மல்லாந்து தெருவில் விழுந்தார். புகை கண்ணாடி அறைக்குள் புகுந்தது. வட்ட முகம் விக்கி விக்கி அழுதது. அதிகாரிகளின் இருமல் மைக் வழியாக ஊருக்கே கேட்டது.

மகள் பிழைத்துக்கொண்டாள். அவள் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அதிகாரிகளும் வந்து சேர்ந்தார்கள். கதவைக் கழற்றியவர்மேல் போலீசில் புகார் கொடுக்க எழுத்தர் உட்கார்ந்தார். அறைக்குள் அவர் எதை விட்டார் என்று எழுதவேண்டுமே? வெளிக் காற்றை விட்டார். வெளிக் காற்று மிகச் சிறப்பானது என்று விருதே கொடுத்தாயிற்று. சிறப்பான காற்றை உள்ளே விட்டது என்ன குற்றம்? எழுத்தர் நெடுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுந்துபோய்விட்டார். ஆனால் வேறொரு உத்தரவு அன்றைக்கே வந்தது. வாரிய அதிகாரிகளின் உடல்நலம் பாதிக்கப்பட்டிருப்பதால், அவர்கள் அனைவரும் குணமாகும்வரை உலை மூடப்படுகிறது!

தெருவுக்கு வானம் தெரிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வந்தன. சாவிக்காரர் மகள் மாடிப்படியில் ஓடி ஏறினாள். அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை. பயம் ஒன்றுதான். ஒவ்வொரு அதிகாரியாகக் குணமாகி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் இயக்குநர் மட்டும் பாக்கி.

"அந்த மனுஷன் இருமற வரைக்கும் நம்ம பிள்ளைங்க இருமாது" என்றாள் சாவிக்காரர் பெண்டாட்டி. "அவருக்குக் கோவம் வந்தா இருமல் பிடிச்சுக்குதாம். நர்ஸ் சொன்னா."

அன்றிலிருந்து தெரு முறைவைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனது. பழம் கொண்டுபோனார்கள், பணிவாக நின்றார்கள், காற்றைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்கள். இயக்குநர் கொதித்தெழுந்து பதில் சொல்ல ஆரம்பித்து, இருமி, மூச்சு வாங்கி, கட்டிலில் சாய்வார். டாக்டர் வந்து, இன்னும் சில நாள் இருக்கட்டும் என்பார். அந்தச் செய்தி வந்ததும் தெரு நிம்மதியாகச் சாப்பிட உட்காரும்.

சாவிக்காரர் முறை வந்தபோது, வீட்டில் தனியாக விட முடியாமல் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். "சார், அந்த வெளிக் காத்து..." என்று அவர் தொடங்கியதுமே இயக்குநர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யோவ், உன்னாலதான்யா..." இருமல் பிடித்தது. குலுங்கிக் குலுங்கி இருமினார். கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. சாவிக்காரர் சந்தோஷமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மகளால் அதைப் பார்க்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்துவந்து, இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் செருகினாள். "மல்லாக்கப் படுக்காதீங்க மாமா. ரெண்டு தலகாணி வெச்சு சாய்ஞ்சு உக்காருங்க. வாயைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல நின்னுடும். எனக்கு எப்பவும் இப்படித்தான்."

இயக்குநர் ஊதினார். இருமல் நின்றது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியவர் மறுநாள் தெம்பாக எழுந்தார். அதற்கடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாவிக்காரருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மகளைத் திட்டவும் வாய் வரவில்லை. அவள் என்ன கெட்ட காரியமா செய்தாள்?

அடுத்த வாரம் தெருவில் மறுபடி மேடை. இயக்குநர் கண்ணாடி ஏற்றிய காரில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு லாரி நிறையத் தலையணைகள். உறை எல்லாம் பச்சை, ஒவ்வொன்றிலும் அந்தச் சிரிக்கும் வட்ட முகம்.

"என் சொந்த ஆராய்ச்சியில கண்டுபிடிச்சது" என்றார் இயக்குநர். "மூச்சுத் திணறலுக்கு உலையை மூடறது தீர்வில்ல, மக்களே. சாய்ஞ்சு படுக்கறதுதான் தீர்வு! வீட்டுக்கு ரெண்டு தலகாணி, வாரியமே குடுக்குது!"

அவர் முதுகுக்குப் பின்னால் உலை முதல் புகையை விட்டது. முதல் தலையணைகளைச் சாவிக்காரர் மகள் கையில்தான் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அவள் அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போதே நெஞ்சில் விசில் தொடங்கிவிட்டது. அம்மாக்காரிக்கு அது கேட்டது. அவள் தலையணைகளை வாங்கிக்கொண்டு நேராக இயக்குநரிடம் போனாள்.

"இது எங்களுக்கு வேணாங்க. நீங்களே வெச்சுக்கோங்க. நீங்க மறுபடியும் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கோங்க, அது போதும்."

"எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடும்மா. பரிசீலிக்கிறோம்" என்று பழக்கதோஷத்தில் சொன்னார் எழுத்தர்.

யாரும் எழுதப் போகவில்லை. தலையணை வாங்க நின்ற வரிசை கலைந்து மேடையைச் சூழ்ந்தது. இயக்குநர் பின்வாசல் வழியாக இறங்கிக் காருக்குள் புகுந்து, எல்லாக் கதவையும் பூட்டிக்கொண்டார். கார் நகர இடமில்லை. முன்னாலும் பின்னாலும் தெரு நின்றது, இடுப்பில் பிள்ளைகளோடு. புகை மெதுவாகக் கீழே இறங்கிவந்தது.

சாவிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். பூட்டு அவரை அதிக நேரம் காக்கவைக்கவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மரியாதையோடு சொன்னார்.

"கொஞ்சம் காத்து வரட்டும் சார்."